முதல் ரேபிட் போட்டி: பிள்ளை புள்ளியை விடுவது பலகையிலா, பலகைக்கு வெளியிலா?

#1 புங்கோல்_அம்மா

வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 படிக்கும் பிள்ளைக்கு ஜூன் விடுமுறையில் முதல் செஸ் போட்டி. ஒரே நாளில் 7 சுற்று, சுவிஸ் முறை. ரேபிட் என்ற வேக ஆட்டம்: ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 5 நொடி கூடுதல். 10 வயதுக்குக் கீழ் பிரிவு. வகுப்பில் ஆட்டம் சொல்லித் தருகிறார்கள், அது போய்க்கொண்டிருக்கிறது. போட்டி நாளுக்கென்று தனியாக என்ன பழக்கணும், என்ன எடுத்துப் போகணும், சின்னப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? இந்த மூன்றும்தான் கேள்வி. ஓப்பனிங் (ஆரம்ப நகர்வுகள்) புத்தகப் பட்டியல் வேண்டாம், ப்ளீஸ்.

#2 நடுவர்மேசை

சரியான கேள்வி அக்கா. இந்த வயதில் பாதிப் புள்ளி ஆட்டம் தெரியாமல் போவதில்லை, கையாலும் வாயாலும்தான் போகிறது. முதலில் கை.

தொட்டால் நகர்த்தணும். பிள்ளைகளுக்கு இது தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். தன் காயைத் தொட்டால் அதை நகர்த்தணும், எதிராளி காயைத் தொட்டால் அதை வெட்டணும், சட்டப்படி முடியுமானால். முடியாவிட்டால் வேறு எதையும் ஆடலாம். சட்டைக்கை பட்டுக் காய் சாய்ந்தால் அது தொட்டதாகாது. காயை நேராக வைக்கணும் என்றால், தன் முறை வரும்போது, தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்லணும். தொட்டுவிட்டுச் சொன்னால் செல்லாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எதிராளி ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை ஆடிவிட்டான் என்றால், உங்கள் பிள்ளை எந்தக் காயையும் தொடாமல் புகார் சொல்லணும். தானும் வேண்டுமென்றே ஒரு காயைத் தொட்டுவிட்டால் அந்த உரிமை போச்சு. "நான் அடுத்ததை ஆடிட்டு அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன்" என்ற அழுகையை ஒவ்வொரு குழந்தைகள் போட்டியிலும் கேட்கலாம்.

காஸ்லிங் (ராஜாவையும் மூலை யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது): ராஜாவைத்தான் முதலில் தொடணும், ஒரே கையால் இரண்டையும் முடிக்கணும். யானையை முதலில் தொட்டால் அந்த முறை அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்தணும். வீட்டில் இரண்டு கையாலும் சட்டென்று மாற்றிவைத்துப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய தலைவலி. கடிகாரத்தோடு ஆடும்போது இரண்டு கையால் செய்து கடிகாரத்தை அழுத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பான நகர்வாகவே கணக்கு.

#3 ஜூரோங்_சித்தப்பா

யானை என்றதும் ஒரு குறிப்பு. தாத்தா பாட்டியோடு ஆடிய பிள்ளைகளுக்குப் பெயர்க் குழப்பம் வரும். ஒரு வீட்டில் மூலைக் காய் யானை, இன்னொரு வீட்டில் தேர். சில வீட்டில் மந்திரி என்றால் ராணிக்கு, சில வீட்டில் பிஷப்புக்கு. நடுவரிடம் பேசும்போது பெயர் சொல்லவே வேண்டாம், விரலால் காட்டினால் போதும் என்று சொல்லி வையுங்கள். ஆனால் விரல் காயில் படாமல் காட்டணும், மேலே சொன்ன சட்டம் தயாராக நிற்குது!

#4 நடுவர்மேசை

ஹா ஹா, உண்மை. பட்டால் அந்த நிமிஷமே எதிராளி கை தூக்குவான்.

அடுத்து கடிகாரம். எந்தக் கையால் காயை வைத்தானோ அதே கையால் அழுத்தணும். நகர்வு முடியுமுன் அழுத்தக் கூடாது. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் அதை எடுத்துவிட்டு ராணியை வைத்து, அதன் பிறகே அழுத்தணும். சிப்பாயை அங்கே தள்ளிவிட்டு, ராணியை வைக்காமல் அழுத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பான நகர்வு. பலகையில் ராணி இல்லையே, அது எதிராளியின் கையில் இருக்கே என்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்கலாம், அதற்கு முழு உரிமை உண்டு. யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து "ராணி" என்று சொல்வது தெருவோரப் பழக்கம். போட்டியில் கவிழ்த்த யானை வெறும் யானைதான்.

சட்டத்துக்குப் புறம்பான நகர்வுக்குத் தண்டனை: ரேபிட்டில் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாம் தடவை ஆட்டம் தோல்வி. இன்னும் வேகமான பிளிட்ஸ் ஆட்டத்தில் அந்த 2 நிமிடம் 1 நிமிடமாகும்.

#5 தோபாயோ_அப்பா

அண்ணே, ஒரு சந்தேகம். செக்கில் நின்ற ராஜாவை விட்டுவிட்டு எதிராளி வேறு ஏதோ ஆடிவிட்டான். நம்ம பிள்ளை பார்க்காமல் அடுத்த நகர்வை ஆடிவிட்டது. பிறகு பார்த்துப் புகார் சொன்னால் எடுபடுமா?

#6 நடுவர்மேசை

எடுபடாது. ஒரே நடுவர் பத்து இருபது பலகையைப் பார்க்கும் ரேபிட்டில், தவறை நடுவர் பார்க்கவில்லை, நம்ம பிள்ளையும் அடுத்த நகர்வை ஆடிவிட்டது என்றால் அந்தத் தவறு நின்றுவிடும், ஆட்டம் தொடரும். அதனால்தான் பிள்ளைக்கு ஒரே ஒரு பழக்கம்: எதிராளி கடிகாரத்தை அழுத்தியதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "செக்கா? எதைத் தாக்குது? சரியான நகர்வா?" என்று பார்த்த பிறகே கை மேலே வரணும்.

ராஜாவை வெட்டுவது கிடையாது, அதையும் சொல்லணும். எதிராளி ராஜாவைச் செக்கில் விட்டுவிட்டால், அதை எடுத்து "ஜெயிச்சேன்" என்று கூத்தாடக் கூடாது. கடிகாரத்தை நிறுத்தணும், கையைத் தூக்கணும், நடுவர் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

கடிகாரத்தை நிறுத்துவது எப்படி என்று கடையிலோ வகுப்பிலோ ஒருமுறை தொட்டுக் காட்டிவிடுங்கள். நடுப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கமும் நின்றுவிடும். அது தெரியாமல் கை தூக்கிக்கொண்டே தன் நேரம் ஓடுவதைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

#7 இரட்டைப்பிஷப்

பயிற்சி பக்கம் நான் சொல்கிறேன். ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஓப்பனிங் எதுவும் சேர்க்க வேண்டாம். மூன்று விஷயம் போதும்.

ஒன்று, நாலு நகர்வு மேட். 10 வயதுக்குக் கீழ் பிரிவின் முதல் இரண்டு சுற்றில் இது கட்டாயம் எங்காவது வரும். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளை ராணி எச்5. இங்கே பயந்துபோய் உடனே ஜி6 தள்ளினால், ராணி இ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டி அடுத்து எச்8 யானையையும் தூக்கிவிடும். முதலில் குதிரை சி6, சிப்பாய்க்குக் காவல். வெள்ளை பிஷப் சி4 வந்து எஃப்7ஐக் குறிவைத்த பிறகு ஜி6. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7ஐப் பார்க்கும், அப்போது குதிரை எஃப்6. அவ்வளவுதான், வெள்ளை ராணி அலைந்ததுதான் மிச்சம். ஜி6 ஆட வேண்டிய இடத்தில் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தால் மேட். இந்த வரிசை மாற்றம்தான் பிள்ளைகள் கவிழும் இடம். நகர்வை மனப்பாடம் செய்யாமல் "எதைத் தாக்குது?" என்று கேட்டே அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டு, ராணியோடு ஜெயிப்பது. ராணி வைத்திருக்கும் பிள்ளை ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு ஆட நகர்வே இல்லாத டிரா) ஆக்கி அரைப் புள்ளியோடு எழுந்து வருவது இந்த வயதில் அன்றாடக் காட்சி. ஓர் அடையாளம்: மூலையில் ஒற்றை ராஜா நிற்கிறது, அதற்குச் செக் இல்லாமல் குதிரைத் தாவல் தூரத்தில் உங்கள் ராணி நிற்கிறது என்றால் அது ஸ்டேல்மேட். எச்8ல் ராஜா, ஜி6லோ எஃப்7லோ ராணி. பலகையில் வைத்துக் காட்டுங்கள், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ராஜாவை ஓரத்துக்குத் தள்ளியதும் ராணியை நிறுத்திவிட்டு, தன் ராஜாவை நடத்தி வரணும். சரியாக ஆடினால் ராணியோடு 10 நகர்வுக்குள்ளும், யானையோடு 16 நகர்வுக்குள்ளும் எந்த நிலையிலிருந்தும் மேட் உண்டு. 5 நொடி கூடுதல் இருப்பதால், கடிகாரத்தில் 20 நொடி இருக்கும்போதுகூட பழகிய பிள்ளை முடித்துவிடும். அதனால் இதை 20 நொடி வைத்தே பழக்குங்கள், நேரமில்லாமல் பழக்குவதில் பயனில்லை.

மூன்று, திரையை மூடிவிட்டு நிஜப் பலகை. கணினியில் ஆடும் பிள்ளைக்குப் பலகை மேலிருந்து பார்த்த படம். போட்டியில் உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது, முன்னால் நிற்கும் ராஜாவும் ராணியும் பின்னால் உள்ள பிஷப்பை மறைக்கும். தூரத்து மூலையிலிருந்து வரும் பிஷப் கண்ணில் படவே படாது. போட்டிக் காய்களில் ராஜாவின் உயரம் 9.5 சென்டிமீட்டர், கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சுருட்டும் பிளாஸ்டிக் பலகையும் அந்த அளவுக் காயும் விலை குறைவுதான். கடைசி இரண்டு வாரம் அதில் மட்டும் ஆடட்டும். மேசை உயரமாக இருந்தால் குட்டிப் பிள்ளைகள் முட்டியை மடித்து நாற்காலியில் உட்காருவார்கள், அதில் தப்பில்லை.

#8 மூன்றாம்_பலகை

மேலே உள்ளதெல்லாம் சரி. ஆனால் 15 நிமிட ரேபிட் முதல் போட்டிக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. யோசிக்கவே பழகாமல் தட்டிவிடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுக்கும் நீண்ட ஆட்டத்தில் தொடங்கலாமே?

#9 இரட்டைப்பிஷப்

மாட்டேன் என்பேன். 90 நிமிடம், நகர்வுக்கு 30 நொடி என்றால் 60 நகர்வுக்கு ஆளுக்கு 120 நிமிடம், ஒரு ஆட்டமே 4 மணி நேரம் போகலாம். 9 வயதுப் பிள்ளை 20 நிமிடத்தில் ஆடி முடித்துவிட்டு, தோற்றால் மிச்ச நாள் முழுக்கச் சும்மா இருக்கும். நகர்வு எழுதுவதும் கட்டாயம். தொடக்கநிலை 3ல் எழுதவும் யோசிக்கவும் ஒன்றாக வராது. இரண்டு மூன்று ரேபிட் போட்டிக்குப் பிறகு போகட்டும்.

தட்டிவிடும் பழக்கத்துக்கு மருந்து வேறு. வீட்டில் ஆடும்போது 10 நகர்வு முடிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடத்தில் 14 மிச்சம் இருந்தால் அதிவேகம். 12, 13 இருந்தால் சரி.

#10 மூன்றாம்_பலகை

ஒப்புக்கொள்கிறேன், எழுதுவதைப் பற்றிய வாதம் வலுவானது. நீண்ட ஆட்டத்துக்குப் போகும்போது கவனிக்க: நகர்வை ஆடிவிட்டுத்தான் எழுதணும், எழுதிவிட்டு ஆடக் கூடாது. ஒரே நிலை மூன்றாம் தடவை வரப்போகிறது என்று டிரா கேட்டால் விதிவிலக்கு உண்டு, அதை ஆடாமல் எழுதி நடுவரைக் கூப்பிடணும். டிரா கேட்பது தப்பாகிப் போனால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல்.

#11 செங்காங்_அப்பா

சுவிஸ் முறை என்றால் என்ன, முதல் சுற்றிலேயே பெரிய ஆளோடு மோதவிடுவது ஏன் என்று யாராவது எளிமையாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு போட்டிக்கும் இதே புகார்.

#12 மூன்றாம்_பலகை

சதியெல்லாம் இல்லை அண்ணே. 60 பேர் என்றால் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வரிசையில் 1 முதல் 60 வரை அடுக்குவார்கள். மேல் பாதி 30, கீழ்ப் பாதி 30. முதல் சுற்றில் 1ம் எண் 31ம் எண்ணோடு, 2 என்றால் 32. ரேட்டிங் இல்லாத புதுப் பிள்ளை கீழ்ப் பாதியில்தான் இருக்கும். 45ம் எண் என்றால் 15ம் எண்ணோடு. தோற்பதற்கு வாய்ப்பு அதிகம், அது எதிர்பார்த்ததே. இரண்டாம் சுற்றிலிருந்து ஒரே புள்ளி உள்ளவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள், அப்போதுதான் பிள்ளையின் நிஜமான போட்டி ஆரம்பம். மூன்றாம் நான்காம் சுற்றில் அவரவர் அளவுக்கு ஏற்ற எதிராளி வந்துவிடுவார்.

ஆட்கள் ஒற்றைப்படை என்றால் ஒருவருக்கு 'பை' கிடைக்கும்: ஆட்டம் இல்லை, ஆனால் 1 புள்ளி உண்டு. பிள்ளை அதைத் தண்டனை என்று நினைத்து அழுவான். முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சமப் புள்ளி எடுத்தால் வரிசையைப் பிரிப்பது பெரும்பாலும் புக்ஹோல்ஸ், அதாவது நீங்கள் ஆடிய எதிராளிகள் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. உங்களிடம் தோற்ற பிள்ளை பாதியில் வீட்டுக்குப் போய்விட்டால் உங்கள் கூட்டுத்தொகையும் குறையலாம். "அதே 5 புள்ளி எடுத்தும் கோப்பை ஏன் அவனுக்கு?" என்று கேட்கும் முன் முடிவுகள் வெளியாகும் செஸ் ரிசல்ட்ஸ் தளத்தில் அந்தக் கடைசி நிரல்களைப் பாருங்கள்.

வயதுப் பிரிவு கணக்கும் ஒன்று. ஜனவரி 1 நிலவரம்தான். 2026ல் 10 வயதுக்குக் கீழ் என்றால் 2016 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அதாவது தொடக்கநிலை 4 வரை. தொடக்கநிலை 3 பிள்ளை அந்தப் பிரிவில் முதல் ஆண்டு, தன்னைவிட ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு ஆடுகிறது. அடுத்த ஆண்டு அதே பிரிவில் அதே பிள்ளை மூத்த பிள்ளை. இந்த வருஷத்துப் புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

#13 தோபாயோ_அப்பா

நாள் எப்படிப் போகும் என்பதற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள் அக்கா. 15 நிமிடமும் 5 நொடியும் என்றால் 60 நகர்வுக்கு ஆளுக்கு 20 நிமிடம், இருவருக்கும் 40. அடுத்த சுற்றின் பேரிங் (யாரோடு யார் என்ற பட்டியல்) ஒட்ட 15 நிமிடம். ஒரு சுற்று 55 நிமிடம், 7 சுற்று 6 மணி 25 நிமிடம், மதிய இடைவேளை ஒரு மணி. காலை 9 மணிக்குத் தொடங்கினால் சொன்னபடி நடந்தாலே மாலை 4.30, பரிசளிப்போடு 5.30, 6. சொன்னபடி நடக்காது, அது தனி.

சமூக மன்றக் கூடமோ பள்ளி மண்டபமோ, குளிர்சாதனம் நடுக்கும். முழுக்கை சட்டை கட்டாயம், ஆனால் கை நுனி தொங்கக் கூடாது, காயைத் தட்டும். சாப்பாடு: காலையில் இட்லியோ ரொட்டியோ, அளவாக. மதியம் உணவங்காடியில் பொரித்த கோழிச் சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு 5ம் சுற்றில் கண் சொக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வீட்டிலிருந்து தயிர்சாதம், வாழைப்பழம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் இரண்டு வாய் மட்டும். பெரிய கப் மைலோவைச் சுற்று ஆரம்பிக்கும் முன் குடிக்க விடாதீர்கள், பத்தாவது நிமிடத்தில் கழிவறை. தன் முறை ஓடும்போது நடுவர் அனுமதி இல்லாமல் கூடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, போனாலும் கடிகாரம் நிற்காது.

பையில்: தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா, முழுக்கை சட்டை, சின்னத் துண்டு, ஒரு கதைப் புத்தகம் அல்லது வண்ணப் பென்சில். டேப்லெட் வேண்டாம். இடைவேளையில் ஆன்லைன் பிளிட்ஸ் ஆடிய பிள்ளை அடுத்த சுற்றில் அதே வேகத்தில் தட்டும்.

#14 செங்காங்_அப்பா

பிள்ளைக்கு ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறோம், தொலைந்துபோனால் கூப்பிட. அணைத்துப் பையில் வைத்தால் போதும்தானே?

#15 நடுவர்மேசை

வேண்டாம். உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் சட்டப்படி ஆட்டக்கூடத்தில் மின்னணுக் கருவி வீரரிடம் இருந்தாலே ஆட்டம் தோல்வி. அணைத்து, பையில் வைத்து, நடுவருக்குத் தெரிந்த இடத்தில் விடலாம் என்று அந்தப் போட்டியின் விதிமுறை தனியாகச் சொன்னால் மட்டுமே சலுகை. ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் கருவி எல்லாம் அதே கணக்கு. அப்பா அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகணும்.

பெற்றோருக்கும் விதி உண்டு. வாசலில் நிற்பவர் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எதிராளி தப்பு செய்கிறான் என்று கண்ணாடி வழியே தெரிந்தாலும் நடுவரிடம் மட்டும்தான் சொல்லலாம். பிள்ளையைப் பார்த்துக் கை ஆட்டினால், கண்ணைச் சிமிட்டினால், எதிர்ப்பக்கப் பெற்றோர் அதைச் சைகை என்று புகார் செய்வார். அதற்குப் பிறகு வாசலிலும் நிற்க விடமாட்டார்கள்.

#16 ஜூரோங்_சித்தப்பா

சதுரங்கம் ஆடி வென்ற சிவன் என்று சொல்லப்படும் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் படத்தைப் பர்ஸில் வைத்திருக்கும் அம்மாக்களுக்கும் சொல்லுங்கள் அண்ணே: வேண்டுதல் சரி, வாசலில் நின்று உதட்டை அசைத்தால் அதுவும் சைகைதான் 😀

#17 நடுவர்மேசை

ஆட்டம் முடிந்த பிறகு மிச்சமிருப்பது இன்னும் முக்கியம். முடிவு எழுதும் இடம்தான் புள்ளி தொலையும் கடைசிப் பள்ளம்.

எதிராளி "மேட்!" என்று கத்திக் கை நீட்டினான் என்று வையுங்கள். நம்ம பிள்ளை கைகொடுத்துவிட்டது. பிறகு பார்த்தால் மேட் இல்லை, ராஜா எஃப்8க்கு ஓடியிருக்கலாம். ஒப்புக்கொண்டு கைகொடுத்தால் அது விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். யாராவது "மேட்" சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு மூன்று கேள்வி: ராஜா ஓட முடியுமா? நடுவில் மறைக்க முடியுமா? செக் கொடுக்கும் காயை வெட்ட முடியுமா? மூன்றுக்கும் "இல்லை" என்ற பிறகே கை. சந்தேகம் என்றால் நடுவர்.

கைகொடுக்கும்போது வாயால் சொல்லச் சொல்லுங்கள்: "நீ ஜெயிச்சே" அல்லது "டிரா". எட்டு வயதில் ஒருவன் டிராவுக்கு நீட்டிய கையை இன்னொருவன் வெற்றிக்கு நீட்டியதாக நினைப்பான். டிரா கேட்பதற்கும் வரிசை உண்டு: நகர்வை ஆடு, டிரா கேள், கடிகாரத்தை அழுத்து. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருப்பது தொல்லை, நடுவர் தண்டிக்கலாம்.

நேரம் முடிந்தால்: எதிராளி கடிகாரத்தில் பூஜ்யம் வந்தும் சின்னப் பிள்ளைகள் பார்க்காமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். பார்த்ததும் நிறுத்திச் சொல்லணும். ஆனால் தன்னிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் அது வெற்றி ஆகாது, டிரா.

முடிவுத் தாளில் இருவரும் கையெழுத்து. தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது நின்றுவிடும், நடுவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் ஒழிய. கையெழுத்துக்கு முன் தன் பெயருக்கு நேரே 1 இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கணும். வெளியே வந்ததும் நீங்கள் கைப்பேசியில் தளத்தைப் பாருங்கள். தவறு இருந்தால் அடுத்த சுற்றின் பேரிங் வெளிவருமுன் சொல்லணும், அதற்குப் பிறகு சொன்னால் சரிசெய்வது கடினம்.

#18 புங்கோல்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. இது இவ்வளவு ஆழமா இருக்கும் என்று நினைக்கவில்லை. தோற்று வெளியே வந்ததும் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாமா, கூடாதா?

#19 தோபாயோ_அப்பா

பேசக் கூடாது. முதல் கேள்வி "தண்ணி குடிக்கிறியா?" 7 சுற்றில் மூன்று தோல்வி சாதாரணம். ஒவ்வொன்றையும் வாசலில் நின்று பிரித்துப் பார்த்தால் அடுத்த சுற்றுக்குப் பிள்ளை பயத்தோடு போகும்.

#20 இரட்டைப்பிஷப்

முழுக்க ஒப்புக்கொள்ள முடியாது. அழாத பிள்ளை, தானே பேச வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "எந்த நகர்வு ஆச்சரியமா இருந்துச்சு?" அதற்கு மேல் கணினியைத் திறந்து மதிப்பெண் காட்டாதீர்கள். தப்பான நகர்வுக்கு இரண்டு கேள்விக்குறி போட்டுக் காட்டினால் பிள்ளைக்குப் புரிவது "நான் முட்டாள்" என்பது மட்டும்தான். ஆட்டத்தை மறுநாள், பலகையில், கணினி இல்லாமல் போட்டுப் பார்க்கட்டும். ரேபிட்டில் எழுதுவது கட்டாயமில்லை என்பதால் நினைவிலிருந்து எத்தனை நகர்வு திரும்ப வைக்க முடிகிறது என்பதே நல்ல பயிற்சி. 12 நகர்வு வைத்தாலே கைதட்டலாம்.

#21 செங்காங்_அப்பா

ரேட்டிங் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு (தொடக்கநிலை 6 தேர்வு முடிவுக்கு முன்பே, திறனை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறுவது) உதவுமா?

#22 மூன்றாம்_பலகை

இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

ரேட்டிங்: 2024 மார்ச் 1 முதல் ஃபிடே பட்டியலின் கீழ் எல்லை 1400. அதற்கு முன் 1000. நீண்ட ஆட்டத்தில் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ள எதிராளிகளோடு 5 ஆட்டம் வேண்டும். அவர்களின் சராசரியோடு, 1800 ரேட்டிங் உள்ள கற்பனை ஆட்கள் இருவரோடு டிரா செய்ததாகவும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1400க்குக் கீழ் வந்தால் பட்டியலில் வரமாட்டீர்கள். முதல் போட்டியில் ஒரு புள்ளியும் எடுக்காவிட்டால் அது கணக்கிலேயே சேராது. அதனால் அவசரம் வேண்டாம்.

வந்த பிறகு, 18 வயது வரை, 2300க்குக் கீழ் இருக்கும்வரை கெழு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை முடிவு செய்யும் எண்) 40. 1600 ரேட்டிங் பிள்ளை 1400 ரேட்டிங் பிள்ளையிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் சுமார் 30 போகும், ஜெயித்தால் சுமார் 10தான் வரும். ஒரு வாரயிறுதியில் 80, 90 இறங்குவது இந்த வயதில் இயல்பு. பட்டியல் மாதம் ஒருமுறைதான் வெளிவரும், தினமும் தளத்தைத் திறந்து பார்த்து வீட்டில் இழவு வீடாக்காதீர்கள்.

கொடி, அதாவது பிள்ளை எந்த நாட்டின் பெயரில் ஆடுகிறது என்பது: நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் பிள்ளையை முதலில் எந்தச் சங்கத்தில் பதிவு செய்கிறோம் என்பதை யோசித்துச் செய்யணும். இங்கே சிங்கப்பூர்ச் சதுரங்கச் சம்மேளனம். இந்தியக் கொடியில் இருந்தால் டிசம்பர் விடுமுறையில் சென்னைப் போட்டிகளுக்கு அங்கே உள்ள பதிவும் வேண்டும். பிறகு மாற்றுவதற்குக் கட்டணமும் நடைமுறையும் உண்டு. நாட்டின் சார்பில் உலக இளையர் போட்டிக்குப் போவதும் அதைப் பொறுத்தது. அங்கேயும் ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்குப் பொதுவாக ஒரு பிள்ளைக்குத்தான் ஏற்பாட்டாளர் தங்குமிடமும் சாப்பாடும் தருவார். மற்ற பிள்ளைகளும் கூடப் போகும் பெற்றோரும் தங்கள் செலவில்.

பள்ளிச் சேர்க்கை: செஸ்ஸைத் திறனாக ஏற்கும் உயர்நிலைப் பள்ளிகள் உண்டு, எல்லாப் பள்ளியும் இல்லை. விண்ணப்பம் தொடக்கநிலை 6ல் மே மாதம் திறக்கும். ஆகவே கணக்கில் வருவது தொடக்கநிலை 4, 5ல் ஆடியது, பள்ளி அணிக்கு ஆடியதும் சேர்த்து. ஆறாம் வகுப்பு ஜூன் போட்டி பெரும்பாலும் தாமதம். இடம் உறுதியாகிவிட்டால் தேர்வு முடிவு வந்தபின் வேறு பள்ளிக்கு மாற முடியாது. அதற்காகத் தொடக்கநிலை 3லேயே வாரம் நான்கு வகுப்பு போடுவது வீண்.

#23 ஜூரோங்_சித்தப்பா

2024ல் செந்தோசாவில் குகேஷ் ஜெயித்த பிறகு எல்லா வீட்டிலும் வகுப்பு நாலு ஐந்து ஆகிவிட்டது. 18 வயதில் உலக வெற்றியாளர் என்றதும் ஒவ்வொரு அப்பாவும் பிள்ளையின் வயதை 18லிருந்து கழிக்கிறார். போகட்டும். ஜொகூர் போட்டிக்குப் போகலாமா?

#24 தோபாயோ_அப்பா

அங்கே நல்ல எதிராளிகள் கிடைப்பார்கள். ஆனால் 9 மணி ஆட்டத்துக்கு விடுமுறைக் காலத்தில் உட்லண்ட்ஸ் பாலத்தைக் காலை 6க்கு முன் தாண்டணும், இல்லாவிட்டால் முதல்நாள் இரவே போய்த் தங்கணும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. மலேசியர் அல்லாத மற்ற கடப்பிதழ்காரர்கள் வருகைக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பணும், சிங்கப்பூர் நிரந்தரவாசிகளும் சேர்த்து. தாமதமானால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், போட்டி விதியில் சொன்ன நேரத்துக்குப் பிறகு வந்தால் ஆட்டமே போச்சு.

#25 புங்கோல்_அம்மா

ஜொகூர் பிறகு பார்த்துக்கொள்கிறோம்! இந்தப் போட்டிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்?

#26 நடுவர்மேசை

முதல் சுற்றுக்கு 40 நிமிடம் முன். பெயர் பதிவு முடிந்ததும் மூன்று இடம் காட்டிவிடுங்கள்: பேரிங் ஒட்டும் சுவர், தன் பலகை எண் எந்த வரிசையில் தொடங்குகிறது, கழிவறை. தன் பெயரைப் பேரிங்கில் எப்படி அச்சிட்டிருக்கிறார்கள் என்றும் பார்க்கட்டும். அப்பா பெயர் முதலில் வந்து தன் பெயர் பின்னால் போயிருந்தால், பிள்ளை சுவரில் இரண்டு நிமிடம் தன்னைத் தேடிக்கொண்டிருக்கும்.